மேட்டு லயத்து ஞாயிறு

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைக்கு வரும் வெள்ளைக்காரர்களில் சிலர் தேயிலையைப் பார்க்க வருவதில்லை; ஒரு கல்லறையைத் தேடி வருகிறார்கள். அங்கே புனித மரியாள் ஆலய வளவில் ஜூலியா மார்கரெட் கேமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நாற்பத்தெட்டாவது வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கேமராவில் படமெடுக்கத் தொடங்கி, டென்னிசனையும் டார்வினையும் தன் முன்னே அசையாமல் உட்காரவைத்த அம்மையார் அவர். உறவுக்காரக் குழந்தைகளின் தோளில் அன்னப்பறவைச் சிறகைக் கட்டித் தேவதூதர்களாக நிறுத்தி அவர் எடுத்த படங்களுக்கு இன்றைக்கும் பெரிய அருங்காட்சியகங்களில் இடமுண்டு. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனுக்கு இந்த மலைகளில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இலங்கையில் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் படித்தவர்கள் மறந்திருக்க முடியாத கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவர்தான். 1875இல் தம்பதியர் இங்கே குடிவந்தார்கள். 1879 ஜனவரியில் அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் போய்ச் சேர்ந்தார்.

2022 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கல்லறையை எட்டிப் பார்த்துவிட்டு மலையேறினார் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளர். நாகர்கோவில்காரர். சி.எஸ்.ஐ. சபையின் ஞாயிறு பள்ளியில் வசன அட்டையும் நட்சத்திர ஸ்டிக்கரும் வாங்கி வளர்ந்தவர். ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் சின்னதொரு சபை நடத்தும் சிறுவர் ஊழியத்தைப் பார்த்து மாத இதழுக்கு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தோள்பையிலும் ஒரு கேமரா இருந்தது.

ஏறுவது அவ்வளவு எளிதாக இல்லை. பெட்ரோல் க்யூஆர் அட்டைக்கு அளந்து கிடைத்த காலம். ஆட்டோக்காரர் பாதி வழியில் நிறுத்தி, "இதுக்கு மேல ஏத்தினா வாரக் கோட்டா முடிஞ்சிரும் அக்கா, ஹட்டன் ஆஸ்பத்திரி கேஸ் வந்தா என்னத்தக் கொண்டு ஓடுறது" என்றார். நியாயம்தான். மீதி வழி தேயிலைக்குள் படிக்கட்டு. சில படிகள் கருங்கல், சில படிகள் மண் நிரப்பிய சிமெண்டுச் சாக்கு, சில இடங்களில் படி என்று சொல்லிக்கொள்ள எதுவுமில்லை. முந்தின நாள் மழையில் எல்லாம் வழுக்கியது. அட்டை கடித்ததை அவர் செருப்பைக் கழற்றும்போதுதான் பார்த்தார்.

மேலே இரண்டு வரிசை லயங்கள். கீழே இருப்பது பணிய லயம், மேலே இருப்பது மேட்டு லயம். ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடியில் காம்பரா என்கிற அறை ஒன்று, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் போட்ட அளவு இது. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, அதே காம்பராவுக்குள் பலகை வைத்துத் தடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் பல தோட்டங்களில் வந்திருக்கிறது. இந்த டிவிசனுக்கு அன்றுவரை வரவில்லை.

மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் சபை, அதுதான் ஞாயிறு பாடசாலை, கிழமை நாட்களில் சாயங்காலம் அதுதான் டியூஷன் வகுப்பும். உள்ளே போனதும் மூக்கில் ஏறியது பருப்பு தாளிக்கும் வாசம். ஜெபமும் பாட்டும் பிறகுதான். முதலில் சாப்பாடு.

வகுப்பை நடத்துபவரைப் பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பணிய லயத்தில் பிறந்தவர். உயர்தரம் வரை படித்தவர். தாயார் இன்னும் கொழுந்து பறிக்கிறார். பாஸ்டர் ஹட்டனிலிருந்து பஸ் கிடைக்கும் கிழமைகளில் வருவார். மற்றபடி எல்லாம் இந்த அக்காவும், சாதாரண தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெண்பிள்ளைகளும்தான். வந்தவரைப் பார்த்ததும் பிள்ளைகள் வரிசையாக எழுந்து வரவேற்புப் பாட்டுக்கு வாயைத் திறந்தார்கள். அக்கா கையைக் காட்டி உட்காரவைத்தார். "சோறு ஆறிப்போகும். சாப்பிடுங்க." பிறகு விருந்தாளியிடம் திரும்பி, "டீச்சர், கேமராவ உள்ள வச்சிருங்க. மொதல்ல கொப்பியப் பாருங்க" என்றார்.

நாகர்கோவில்காரர் டீச்சர் இல்லை. ஆனால் வெளியிலிருந்து கைப்பையோடு வருகிற பெண்கள் எல்லாரும் அங்கே டீச்சர்தான். சாப்பாடு முடிவதற்குள் அவர் பிள்ளைகளுக்கு 'இந்தியா டீச்சர்' ஆகிவிட்டார்.

கொப்பி என்று அக்கா சொன்னது, பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி. வருகைப் பதிவேடு. இடதுபக்கம் பெயர், பிறகு ஞாயிறு ஞாயிறாகக் கட்டங்கள். வந்தால் நீலத்தில் ஒரு கோடு, வராவிட்டால் சிவப்புப் புள்ளி. இதுவரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்க்கக்கூடியதுதான். வலதுபக்கம் முழுவதும் அக்கா அடிமட்டம் வைத்துத் தானே கோடு போட்டு இன்னொரு பத்தி உண்டாக்கியிருந்தார். தலைப்பு: காரணம். ஒவ்வொரு சிவப்புப் புள்ளிக்கும் எதிரே ஓரிரண்டு சொற்கள்.

சப்பாத்து இல்லை. காய்ச்சல். தங்கச்சியைப் பார்க்க ஆளில்லை. அம்மா கொழும்புக்குப் போயிட்டாங்க. குளவி. கோயில் திருவிழா. குளவி. விறகுக்குப் போனான். அப்பா அடிச்சது. உடுப்பு காயல. மா இல்லை.

'குளவி' என்பதற்கு விளக்கம் கேட்க வேண்டியிருந்தது. தேயிலைச் செடிக்குள்ளும் நிழல்மரத்திலும் கூடு கட்டும் குளவிகள் கலைந்தால் ஒரே நேரத்தில் பத்து இருபது பேரைக் கொட்டிவிடும். பொகவந்தலாவைப் பக்கத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அடிக்கடி வரும் செய்தி, இறந்தவர்களும் உண்டு. தாய்க்குக் கொட்டினால் வீட்டில் மூத்த பெண்பிள்ளை அடுப்படிக்குப் போகவேண்டும். அந்தக் கிழமை அவள் எதிரே சிவப்புப் புள்ளி விழும்.

'மா இல்லை' என்ற பதிவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மலையகத்தில் காலைச் சாப்பாடு என்றால் கோதுமை மா ரொட்டிதான். தடித்த ரொட்டி ஒன்றும் சம்பலும் இருந்தால் மத்தியானம் வரை மலையில் நிற்கலாம். 2022 செப்டம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. ஒரு கிலோ கோதுமை மா 400 ரூபாயைத் தொட்டது. தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய், அதுவும் நிர்வாகம் கேட்கும் கிலோவைப் பறித்துக் காட்டினால். ஆகவே நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தால் இரண்டரைக் கிலோ மா. அதற்கு முந்தின வருஷம் அரசாங்கம் ரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததில் கொழுந்தும் குறைந்திருந்தது. பதிவேட்டில் அந்த இரண்டு சொற்கள் முதன்முதலாக விழுந்தது ஜூன் மாதத்தில். ஜூலையில் ஒரே பக்கத்தில் பல இடங்களில். ஆகஸ்ட் பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 'இனி சமைக்கணும்.' செப்டம்பரிலிருந்து கொட்டகையில் ஞாயிறு காலைச் சோறு. பருப்பு, சோயா மீட், கிடைக்கிற வாரம் ஆளுக்கு அரை முட்டை.

இதற்குப் பணம் கொழும்புச் சபை ஒன்றிலிருந்து வந்தது. போதாத வாரங்களில் பணிய லயத்துப் பெண்கள் ஆளுக்கொரு பிடி அரிசி கொடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறு பூசியவர்கள்.

பட்டினி அந்த வருஷம் புதிதாக வந்து இறங்கியதல்ல. 2016இல் இலங்கை அரசு எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் மட்டும் கிட்டத்தட்ட 32. கொட்டகையில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்று அறிமுகம் செய்யப்பட்டவர்களை விருந்தாளி மூன்றாம் வகுப்பு என்று நினைத்திருந்தார்.

தோட்டத்துக்கும் ஒரு பதிவேடு இருக்கிறது. செக்ரோல் என்பார்கள். யார் பெரட்டு என்கிற காலை ஆள்கணக்குக்கு வந்தார், எந்த மலைக்குப் போனார், எத்தனை கிலோ நிறுத்தார், எவ்வளவு பிடித்தம் என்று நூற்றைம்பது வருஷமாகத் தோட்டங்கள் இந்தக் கணக்கை வழுவாமல் எழுதிவருகின்றன. வராதவருக்கு அதில் சம்பளம் கிடையாது, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டம் இல்லை. அக்காவின் தாத்தா கணக்கப்பிள்ளைக்கு உதவியாளாக இருந்தவராம். அடிமட்டம் வைத்துக் கோடு போடும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஞாயிறு பள்ளி என்ற ஏற்பாடு பிறந்ததே வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகத்தான். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் என்ற பத்திரிகை நடத்துநர் அதைப் பரப்பத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் வேலை செய்த பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அன்றைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பாடப்புத்தகம் பைபிள். நாகர்கோவிலில் நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கிய காலத்தில் இந்தக் கதையை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இலங்கைத் தோட்டங்களில் பிள்ளைகள் கொழுந்து பறித்த காலம் வெகுநாள் நீடித்தது. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று சட்டம் வந்ததே 1907இல்தான். தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு கையேற்றது 1970களிலும் அதற்குப் பிறகும். இடைப்பட்ட காலத்தில் மலைகளில் எழுத்து நுழைந்த வழிகளில் மிஷன் வகுப்பும் ஒன்று.

அந்த வழியில் திருநெல்வேலிக்கும் பங்குண்டு. 1850களின் நடுவில் கண்டியைச் சுற்றியிருந்த கோப்பித் தோட்டங்களில் சி.எம்.எஸ். மிஷனரிகள் 'தமிழ் கூலி மிஷன்' என்ற பெயரில் வேலை தொடங்கியபோது, உபதேசியார்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து கப்பலேறி வந்தார்கள். தோட்டத்துரைமார் பலர் அதற்குப் பணம் கொடுத்தார்கள். முழுக்க பக்தியால் கொடுத்தார்கள் என்று நம்புவது கொஞ்சம் கடினம். குடிக்காத, ஓடிப்போகாத ஆளைத் தேவைப்பட்டவர்கள் அவர்கள். எந்த எண்ணத்தில் கொடுத்த பணமாக இருந்தாலும், கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் தலைமுறையில் சிலரை அது உருவாக்கியது.

சாப்பாட்டுக்குப் பின் பாத்திரம் கழுவினார்கள். பிறகு அரைமணி நேரம் பாட்டும் ஒரு பைபிள் கதையும். அன்றைக்கு சகேயு. குள்ளமான வரிவசூல்காரன் மரத்தில் ஏறி இயேசுவைப் பார்த்த கதை. மரம் ஏறிக் காட்டச் சொன்னபோது ஐந்தாறு பையன்கள் வாசல் கொய்யாமரத்தை நோக்கி ஓடினார்கள். இறக்குவதற்குள் கதை பாதியில் நின்றது. வரிவசூல்காரன் என்றால் யார் என்று ஒருவன் கேட்டான். "கணக்கில கூடப் பிடிச்சுக்கிற ஆள்" என்றார் அக்கா. எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் நெருங்குவதால் அடுத்தது நாடக ஒத்திகை. தேவதூதர்களுக்குச் சிறகு தயாராகிக்கொண்டிருந்தது. மாலிபன் பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி, விளிம்பில் பஞ்சு ஒட்டி, பின்பக்கம் லாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார்கள். ஒரு சிறகில் கம்பெனிப் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிக் கட்டினால் பஞ்சு உள்ளே போகிறது, வெளியே கட்டினால் பெயர் தெரிகிறது என்று இரண்டு தேவதூதர்கள் சண்டை போட்டார்கள். மேய்ப்பர்கள் இடுப்பில் படங்கு கட்டியிருந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் செடி கிழிக்காமலும் ஈரம் படாமலும் இருக்கச் சேலைக்கு மேல் சுற்றிக்கொள்ளும் தடித்த சாக்கு அது. பெத்லகேம் மேய்ப்பருக்கு அதைவிடப் பொருத்தமான உடை கிடைப்பது சிரமம். மரியாளாக நின்ற பத்து வயதுப் பெண்ணின் வீட்டில் மாரியம்மன் படம்தான் இருக்கிறது. வெள்ளைச் சேலையைக் கொடுத்து அனுப்பியவர் அவளுடைய பாட்டி.

சிறகும் படங்குமாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தால் எந்தப் பத்திரிகைக்காரருக்கும் கை கேமராவுக்குத்தான் போகும். அக்கா அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிள்ளையை மட்டும் எடுக்கலாம். தனியாக எடுக்கக்கூடாது, கூட்டமாகத்தான். சாப்பிடும்போதும் அழும்போதும் எடுக்கவே கூடாது. விதி வந்த கதையையும் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் ஒரு குழு பொம்மையும் இனிப்பும் கொண்டுவந்தது. லயத்து வாசலில் கிழிந்த சட்டையோடு நின்ற ஒரு பையனைப் படம் எடுத்தார்கள். அவனிடம் நல்ல சட்டை இருந்தது, அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. படம் ஃபேஸ்புக்கில் ஏறியது. கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த தகப்பன் கண்ணில் பட்டது. அன்றிரவு ஃபோனில் அவர் கத்தியது அக்காவுக்கு இன்னும் காதில் இருக்கிறது. "நான் மாசாமாசம் காசு அனுப்புறேன். எம் புள்ளையப் பிச்சைக்காரனாக்கிட்டீங்களே!"

பையன் அதன்பின் எட்டு மாதம் வகுப்புக்கு வரவில்லை. பதிவேட்டில் அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்கு எதிரே ஒரே சொல்: படம்.

கிறிஸ்தவச் சிறுவர் ஊழியங்களின் வரலாற்றில் படம் பெரிய ஆள். 1938இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கால்விட் கிளார்க் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் சீனக் குழந்தைகளுக்காக நிதி திரட்டத் தொடங்கினார். 1950இல் பாப் பியர்ஸ் வேர்ல்ட் விஷனைத் தொடங்கினார். 1952இல் கொரியப் போரின் அநாதைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய எவரெட் ஸ்வான்சனின் முயற்சி பிற்பாடு கம்பாஷன் இன்டர்நேஷனல் ஆனது. ஒரு பிள்ளையின் படத்தை ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்து, மாதந்தோறும் இந்தப் பிள்ளைக்கு நீங்கள் அனுப்புங்கள் என்பதே இவர்கள் கண்ட வழி. கோடிக்கணக்கில் பணம் வந்தது. பள்ளிக்கூடங்கள் நடந்தன, மருந்து வந்தது, லட்சக்கணக்கானவர்கள் படித்தார்கள். இதில் பொய் எதுவுமில்லை. பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கே கதவு சாத்தினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். 2017 மார்ச்சில் வெளிநாட்டு நிதிக் கட்டுப்பாடுகளால் கம்பாஷன் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் சாயங்கால வகுப்புகளும் சத்துணவும் நின்றன. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

விருந்தாளியின் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கு முந்தைய உதாரணம் இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில் 1901 முதல் பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்த எமி கார்மைக்கேல், பணம் கொடுங்கள் என்று நேராக யாரிடமும் கேட்பதில்லை என்ற கொள்கைக்காரர். அவரே 1909இல் வெளியிட்ட 'லோட்டஸ் பட்ஸ்' புத்தகம் நிறையக் குழந்தைகளின் படங்கள். கேட்காமலே கேட்கும் படங்கள் என்று ஒருவர் குறை சொல்லலாம். பாசத்தோடு எடுத்த குடும்பப் படங்கள் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு எங்கே என்பதை மேட்டு லயத்து அக்கா தன் பங்குக்கு அடிமட்டம் வைத்துப் போட்டிருந்தார்.

அன்று அந்தக் கேமரா பையை விட்டு வெளியே வரவில்லை.

ஒத்திகை முடியும் நேரத்தில் கீழே கோயில் மணி கேட்டது. நாலைந்து பிள்ளைகள் சிறகைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினார்கள். மாரியம்மன் கோயிலில் இந்துப் பிள்ளைகளுக்கான அறநெறிப் பாடசாலையும் ஞாயிற்றுக்கிழமைதான். நேரம் இடிக்காமல் இருக்க இரு தரப்பும் பேசி, அங்கே பதினொன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ஓடியவர்களில் ஒருவன் வாசலில் நின்று திரும்பி, "அக்கா, அங்கயும் சுண்டல் இருக்கு!" என்று மற்றவர்களையும் கூப்பிட்டான்.

எல்லா இடத்திலும் இப்படி இணக்கமாக இல்லை என்பதையும் சொல்லவேண்டும். மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு சபைகள் போட்டி போட்டுக்கொண்டு வருவதும், நோய் தீரும் என்று வாக்குக் கொடுப்பதும், கோயில் கமிட்டியோடு கைகலப்பில் முடிவதும் நடக்கின்றன. கட்டாய மதமாற்றத்தைக் குற்றமாக்கும் மசோதா ஒன்று 2004இல் இலங்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உச்சநீதிமன்றம் சொன்னதோடு அது நின்றது. சந்தேகம் நிற்கவில்லை. அக்கா பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க விடுவதில்லை. பெரியவர்களாகித் தாங்களே கேட்டால் பாஸ்டர் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் நிலை. சபையிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. "ஊழியம்னு சொல்லிட்டு டியூஷன் நடத்துறீங்க" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள்.

மரியாளின் பாட்டியிடம் விருந்தாளி இதைக் கேட்டுப் பார்த்தார். இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார் பாட்டி. "சாமி மாத்திருவாங்கன்னு பயமில்லையா பாட்டி?"

"அவ ஆத்தா துபாயில இருக்கா. அப்பன் குடிக்கிறான். நாலு மணிக்கு மேல இவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியணும். அந்தக் கொட்டாயில இருந்தா தெரியும்" என்றார். பிறகு உரலை வைத்துவிட்டு, "நீங்க இந்தியாவா? கோத்தகிரிப் பக்கமா?" என்று கேட்டார்.

1964இல் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்துப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். பாட்டியின் அண்ணன் அந்தக் கணக்கில் நீலகிரிக்குப் போனவர்களில் ஒருவர். அங்கேயும் தேயிலைதான், திரும்பி வந்தவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நட்ட தேயிலை. கடைசிக் கடிதம் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. நாகர்கோவிலிலிருந்து கோத்தகிரி எவ்வளவு தூரம் என்பதைப் பாட்டிக்கு விளக்குவது வீண் என்று தோன்றியதால், முகவரி இருந்தால் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். ஒரு பழைய நீலநிற வான்கடித உறை தகரப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. அதைப் படம் எடுக்கப் பாட்டி ஆட்சேபிக்கவில்லை, ஃபோனில் எடுத்துக்கொண்டார்.

கொட்டகை வாசலில் ஒரு வருகைக் கொப்பி தனியாக இருந்தது. வெளியாட்கள் யார் வந்தாலும் பெயர், அடையாள அட்டை எண், வந்த நேரம் எழுதவேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறுக்குப் பின் வந்த வழக்கம். அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பலர் சற்றுமுன் ஞாயிறு பாடசாலையை முடித்துவிட்டு வெளியே வந்து நின்ற பிள்ளைகள். பொகவந்தலாவை மலையில் அந்த ஆபத்து வருமா என்று கேட்டால் அக்காவுக்குப் பதில் தெரியாது. ஆனாலும் தோளில் பையோடு வருபவரை யாராவது ஒருவர் வாசலில் நிறுத்திப் பேசிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அன்று அந்த வேலையைச் செய்தவனுக்குப் பதிமூன்று வயதிருக்கும். கேமராப் பையைத் திறந்து காட்டச் சொன்னவன் அவன்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு பெரிய பிள்ளைகள் கிளம்பிவிட, ஐந்தாம் வகுப்புக்காரர்கள் மட்டும் தங்கினார்கள். புலமைப்பரிசில் பரீட்சை டிசம்பரில் வரவிருந்தது. அதில் வெட்டுப்புள்ளி தாண்டினால் வசதியுள்ள பெரிய பள்ளிக்கூடத்தில் இடமும் மாதாந்த உதவித்தொகையும் கிடைக்கும். தோட்டத்தில் ஒரு பிள்ளை தாண்டினால் லயமே பட்டாசு வெடிக்கும். அக்கா பழைய வினாத்தாள் ஒன்றைப் பலகையில் எழுதினார். ஒரே தாள்தான் இருந்தது. அந்த வருஷம் மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகளையே தள்ளிவைத்த நாடு அது. கொப்பி விலை கேட்டால் மயக்கம் வரும். பிள்ளைகள் பழைய கொப்பியில் பென்சிலால் எழுதி, திருத்தியதும் அழித்துவிட்டு, அதே பக்கத்தில் அடுத்த கணக்கைப் போட்டார்கள். மரியாளாக நின்றவள் ஒரு பின்னக் கணக்கில் சிக்கி நின்றாள். சிறகுச் சண்டைக்காரன் எட்டிப் பார்த்து விடையைச் சொல்லிவிட்டு அடி வாங்கினான்.

கடைசி பஸ்ஸுக்கு இறங்கவேண்டிய நேரம் வந்தது. என்ன உதவி வேண்டும் என்று பத்திரிகையாளர் கேட்டார். அக்கா யோசிக்கவேயில்லை, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் தயாராக இருந்தது.

"பொம்மை வேணாம் டீச்சர். கேக், சொக்லட் வேணாம். பரீட்சை மாதிரி வினாத்தாள், போன அஞ்சு வருஷத்துது. தமிழ் மீடியம்னு பார்த்து வாங்குங்க, போன தடவை ஒருத்தங்க சிங்கள மீடியம் அனுப்பிட்டாங்க. அப்புறம் எண்பது பக்கக் கொப்பி, ஒற்றைக் கோடு. சதுரக்கோடு கொப்பி ஒரு டஜன் கணக்குக்கு. சப்பாத்து வேணும், ஆனா சும்மா வாங்கிராதீங்க, நான் பிள்ளைங்க காலை அளந்து நூல் அனுப்புறேன்."

"பார்சல் எங்க அனுப்பறது?"

"ஹட்டன் டவுன்ல ஒரு கடை விலாசம் தர்றேன். பெட்டியா கட்டாதீங்க, சாக்குல கட்டுங்க. தலையில வச்சு ஏத்தணும்."